சஹனில் ரிஸ்வானாவின் பங்கு

என்னோடு கடைசி வருடங்களில் வேலை பார்த்த தர்ஷினி, சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். பகல் சாப்பாடு வைத்தேன். அவள் கையை நனைப்பதற்கு முன் போனை எடுத்துப் பீங்கான் தட்டைப் படம் பிடித்தாள். சோறு, பருப்பு, மீன், கீரை என்று போன் ஒவ்வொன்றையும் இனங்கண்டு, எவ்வளவு கலோரி என்றும் சொல்லிவிட்டது.

“இப்ப கிளினிக்குக்கு வர்றவங்க எல்லாம் இதோடதான் வர்றாங்க மிஸ். இனி நம்ம வேலைய இதுவே பாத்துக்கும் போல” என்று சிரித்தாள்.

எனக்கு அந்தப் போனோடு சண்டை இல்லை. நாங்கள் கண்ணாலும் கையாலும் பழகிய ஒன்றை அது ஒரு நொடியில் செய்கிறது, செய்யட்டும். ஆனால் படத்தில் பீங்கான்தான் விழும். பீங்கானில் சோற்றைப் போட்ட கை விழாது. இதைச் சொன்னதும் தர்ஷினி, “அப்ப அந்த மடவளை கேஸ எழுதுங்க மிஸ். புதுசா வந்த புள்ளைங்களுக்கு அது தெரியாது” என்றாள். அதனால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்டவணைகளை மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், நியமனக் கடிதம் வந்தது. கண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராகச் சேர்ந்தேன். வேலையைக் கற்றது அங்கே, எனக்கு மேலதிகாரியாக இருந்த திருமதி கமலாம்பிகையிடம்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், பருத்திச் சேலை, ஒருநாளும் உயராத குரல். அவருடைய அறைச் சுவரில் உணவுப் படங்கள் எதுவும் இருக்காது. மேசையில் ஒரு தராசு, ஆஸ்பத்திரிக் குசினியிலிருந்து வந்த சோற்றுச் சட்டி, இரண்டு மூன்று கறிகள், சில பீங்கான்கள். நிறை குறைக்க வேண்டும் என்று வருகிறவரைக் கை கழுவச் சொல்லுவார்.

“வீட்டில போடுற மாதிரிப் போடுங்கோ. நான் பாக்கிறன் எண்டு குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.”

வந்தவர் போட்டு முடிக்கும்வரை கமலாம்பிகை அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, “இப்ப உங்கட கையைப் பொத்திச் சோத்துக்குப் பக்கத்தில வையுங்கோ” என்பார். பெரும்பாலானவர்களின் சோறு அந்தப் பொத்திய கையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களே சிரித்துவிடுவார்கள். அம்மா சிரிக்கமாட்டார். பொத்திய கை அளவுக்குச் சோறு. விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை அகலத்துக்கு மீனோ இறைச்சியோ. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளுகிற அளவுக்கு மரக்கறியும் கீரையும். எண்ணெயும் தேங்காயும் பெருவிரல் நுனி அளவு. இவ்வளவுதான் பாடம்.

ஏன் கை என்று நான் முதல் வாரத்திலேயே கேட்டேன். “பெரிய ஆளுக்குப் பெரிய கை, சின்ன ஆளுக்குச் சின்னக் கை. அதோட, வீட்டில மறந்து வச்சிட்டு வர ஏலாது பிள்ளை” என்றார்.

அவருடைய அறையில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. யாராவது ‘கொஞ்சம்’ என்றால் கையை உயர்த்தி நிறுத்துவார். “கொஞ்சம் எண்டது ஒரு அளவில்லை. எனக்குக் காட்டுங்கோ.” நாவலப்பிட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் வந்தார். இடியப்பத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக அவருக்குப் பெருமை. போட்டுக் காட்டச் சொன்னபோது இடியப்பம் உண்மையிலேயே அளவாகத்தான் இருந்தது. அதன்மேல் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றினார், ஊற்றினார், பீங்கான் விளிம்புவரை ஊற்றினார். கடைசியில் மிச்சச் சொதியைக் கிண்ணத்தோடு எடுத்துக் குடித்தார். “இது தண்ணி மாதிரித்தானேங்க” என்றார். அம்மா அவருக்கு வேறு எதையும் மாற்றவில்லை, சொதியை மட்டும் நாலு கரண்டியாக்கினார். சில மாதங்கள் கழித்து அந்த மனிதர் ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

எல்லாருக்கும் குறைக்கவும் மாட்டார். பன்வில மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை முழங்கால் வலிக்காக ஒரு டொக்டர் அனுப்பியிருந்தார், காலைச் சாப்பாட்டைக் குறைக்கும்படி. “நாள் முழுக்க மலை ஏறுற ஆளுக்கும் கதிரையில இருக்கிற எனக்கும் ஒரே பீங்கானே?” என்று கேட்டு, காலை ரொட்டியில் கை வைக்காமல், தேத்தண்ணிச் சீனியையும் இரவுச் சாப்பாட்டையும் மட்டும் குறைத்து அனுப்பினார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அவரோடு வேலை செய்த பிறகுதான் ரிஸ்வானா வந்தார்.

மடவளையைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். வீட்டிலிருந்தே தையல் வேலை, கணவர் கட்டாரில். இரண்டு பெண்பிள்ளைகளோடு தாய் வீட்டில் இருந்தார். அவருடைய தம்பி இர்பானுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்தில் சில நாட்கள் இரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க ரிஸ்வானா முன்வந்திருந்தார். இரத்தமும் மற்றச் சோதனைகளும் பொருந்திவிட்டன. நிறைதான் பொருந்தவில்லை. இந்த நிறையோடு சத்திரசிகிச்சை செய்தால் கொடுப்பவருக்கே ஆபத்து, குறைத்துக்கொண்டு வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிச்சமாக இருக்கும் ஒரு சிறுநீரகம் ஆயுள் முழுவதும் அவரைத் தாங்க வேண்டும். அதனால் டொக்டர் சொன்னதில் பிழையில்லை.

“மிஸ், எவ்வளவு கொறைக்கணும் எண்டு செல்லுங்க. நான் கொறைக்கிற. தம்பி நாளுக்கு நாள் உருகிப் போறான்” என்றார் முதல்நாள்.

கை அளவைக் காட்டினோம். ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார், தையல்காரியின் கண்ணல்லவா. அடுத்த கிளினிக்குக்கு வந்தார். நிறை பார்க்கும் தராசின் முள் அசையவில்லை. அதற்கடுத்த முறையும் அசையவில்லை.

“அல்லாஹ் மேல ஆணையா நான் கொஞ்சமாத்தான் திங்கிற மிஸ். எண்ட முன்னுக்கு ஈக்கிற சோத்துல பாதிய வெச்சிட்டுத்தான் எழும்புற.” கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த தாதி ஒருவர் பிறகு என்னிடம் மெதுவாக, இவர் பொய் சொல்கிறார், கொடுக்கப் பயம், அதனால்தான் குறைக்கிறார் இல்லை என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பொய் எண்டு எழுதிறது சுகம். எழுதினா அந்தப் பொடியனுக்கு ஆர் கிட்னி குடுக்கிறது? அவவுக்கு வீட்டில ஆர் சோறு போடுறது எண்டு கேட்டனியே?”

கேட்கவில்லை.

“அப்ப போய்ப் பாத்திட்டு வா.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வத்துகாமம் பஸ்ஸில் ஏறி மடவளையில் இறங்கினேன். வீதிக்கு மேலே படிகள் ஏறிப் போகிற வீடு. ரிஸ்வானாவின் தாயார், எல்லாருக்கும் உம்மா, வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடாமல் போகவிடமாட்டார் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. நானும் அதற்குத்தானே போயிருந்தேன்.

பாய் விரித்தார்கள். நடுவில் பெரிய வட்டத் தட்டம் ஒன்று வந்தது. அவர்கள் அதைச் சஹன் என்பார்கள். நடுவில் சோறு குவித்து, கறிகளைச் சுற்றி வைத்து, எல்லாரும் வட்டமாக இருந்து தத்தம் முன்னால் இருப்பதைச் சாப்பிடுவார்கள். மற்ற வீடுகளில் கலியாணத்துக்கும் விருந்துக்கும்தான் சஹன். இந்த வீட்டில் ரிஸ்வானாவின் காலமான தகப்பனார் தொடக்கி வைத்த பழக்கம்; அவர் போன பிறகும் உம்மா விடவில்லை. எனக்குத் தனிப் பீங்கான் கொண்டுவரப் போனார்கள். வேண்டாம் என்று நானும் வட்டத்தில் இருந்தேன்.

என் பார்வை ரிஸ்வானாவின் முன்னால் இருந்த சோற்றிலேயே இருந்தது. அவர் நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி பொத்திய கை அளவுக்கு எல்லை பிரித்துக்கொண்டார். சாப்பிடத் தொடங்கினார். உம்மா ஒரு கோழித்துண்டைப் பிய்த்து அந்தப் பக்கம் போட்டார். சின்னமகள் பூசணித் துண்டுகளை ஒதுக்கித் தள்ளினாள். இர்பான் எதிரே இருந்தான். இருபத்தெட்டு வயது, முகம் மண் நிறத்தில் வெளிறிப்போயிருந்தது. நாலு வாய் சாப்பிட்டான். பிறகு தன் பக்கத்துச் சோற்றையும் மீன் துண்டையும் புறங்கையால் மெல்ல அக்காவின் பக்கம் தள்ளினான்.

“தாத்தா, இதத் தின்னுங்க. எனக்கு எறங்குதில்ல.” மூத்த சகோதரியை அவர்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரிஸ்வானா அதை எடுத்துச் சாப்பிட்டார். தம்பி தந்ததை அவரால் ஒதுக்க முடியவில்லை. உம்மா குசினியிலிருந்து இன்னொரு அகப்பைச் சோறு கொண்டுவந்து நடுவில் கொட்டினார். அதுவும் சரிந்து ரிஸ்வானாவின் பக்கம்தான் வந்தது. கடைசியில் அவர் எழும்பியபோது, அவர் முன்னால் தொடக்கத்தில் இருந்ததில் பாதி அப்படியே கிடந்தது. அவ்வளவு மிஞ்சிக் கிடந்ததால், தான் சாப்பிட்டது குறைவு என்றே அவர் நம்பினார். அவர் சொன்னதில் ஒரு துளி பொய் இல்லை.

நான் கை கழுவப் போனபோது உம்மா பின்னாலேயே வந்தார். “ஒடம்புல ஒரு உறுப்பக் குடுக்கப் போற புள்ள மிஸ். சக்தி இல்லாட்டி எப்பிடி? டொக்டர்மார் கொறைக்கச் செல்றாங்க, எண்ட மனசு கேக்குதில்லையே.”

எங்கள் கிளினிக்கின் வழக்கமான மருந்து, தனிப் பீங்கான். ரிஸ்வானாவுக்கு அதையே சொன்னோம். நிறை இறங்கத் தொடங்கியது. எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் கொஞ்ச நாட்களில் இறக்கம் மிக வேகமாக இருந்தது. ஒருநாள் இர்பானை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டி வந்த இடத்தில், நடைபாதையிலேயே ரிஸ்வானா மயங்கி விழுந்தார். சோதித்ததில் அவர் நாட்கணக்காகச் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று தெரிந்தது. இப்படிப் பட்டினி கிடப்பவரிடம் சிறுநீரகம் எடுக்க முடியாது, இது தொடர்ந்தால் கொடுப்பவர்களின் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னார்.

கட்டிலில் படுத்திருந்தவரிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“தனியாப் பீங்கான எடுத்துட்டு மூலையில இருந்து திங்க எறங்குதில்ல மிஸ். தம்பி மொகத்தத் திருப்பிக்கிற. உம்மா அழுற. அதப் பாக்கிறதவிடத் திங்காம ஈக்கிறது லேசு. கெதியா நிறையும் கொறையுமே எண்டு நெனச்சேன்.”

இர்பான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “எனக்கு ஒத்தர்ட கிட்னியும் வேணாம்” என்றான். “எனக்காகத்தான் தாத்தாவ ஊட்டுக்குள்ளயே ஒதுக்கி வெச்சாங்க. இப்ப விழுந்தும் போச்சு. நான் மவுத்தாப் போனாலும் பரவாயில்ல.”

அடுத்த நாள் அம்மா மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார், உம்மா, ரிஸ்வானா, இர்பான். நான் சோற்றுச் சட்டியையும் கறிகளையும் எடுத்து வைத்தேன். அம்மா ஒரு பெரிய தட்டத்தைக் குசினியிலிருந்து கேட்டு வாங்கியிருந்தார். அதில் சோறு போட்டு, நான் மடவளையில் பார்த்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னார். நான் இர்பானின் பக்கத்தில் இருந்து ரிஸ்வானாவின் பக்கத்துக்குச் சோற்றைத் தள்ளினேன். ரிஸ்வானா குனிந்து தன் முன்னால் சேர்ந்துகொண்டே போகும் குவியலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா இர்பானைத்தான் பார்த்தார். “தம்பி, உமக்குப் பசிக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். அது வருத்தத்தின்ர குணம். ஆனா ரத்தம் சுத்தப்படுத்திற ஆளுக்கு மீனும் முட்டையும் மற்றவையைவிடக் கூடத் தேவை. அதை நீர் அக்காவுக்குத் தள்ளுறீர். உமக்கும் நட்டம், அவவுக்கும் நட்டம்.” தட்டத்தில் நான் தள்ளிய சோற்றைக் காட்டினார். “நீர் அக்கான்ர பக்கம் தள்ளுற ஒவ்வொரு பிடிச் சோறும் உம்மட ஒப்பரேசனைத் தள்ளி வைக்குது.”

இர்பான் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அம்மா உம்மாவிடம் திரும்பினார். “உங்கட வீட்டில சஹனை நிப்பாட்ட வேண்டாம். எல்லாரும் ஒண்டா இருந்தே சாப்பிடுங்கோ. ஆனா அளவு உங்கட கையில.”

உம்மா நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவரிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. குறை, நிறுத்து, கொடுக்காதே என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை முழுவதும் அந்த அறையில் சஹன் வைக்கப் பழகினோம். முன்பு நடுவில் இருந்த சோற்றுக் குவியலை எடுத்துவிட்டோம். நடுவில் கீரைச் சுண்டலும் பீன்ஸும் சலாதும். யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். இர்பானுக்கு மட்டும் அவனுக்கு ஒத்துக்கொள்கிற மரக்கறிகளை வேகவைத்து நீர் வடித்து அவன் பக்கத்தில். சோறு விளிம்போரம், ஆளுக்கொரு சிறு மேடாக. ரிஸ்வானாவின் பொத்திய கையை உம்மா தன் கைக்குள் பிடித்துப் பார்த்து, அந்தப் பருமனுக்குச் சோற்றை வைத்தார். கூடிவிட்டது. எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்றாம் முறை நான் தராசில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. மீனும் கோழியும் உள்ளங்கை அளவில் குசினியிலேயே பங்கு பிரிந்து வர வேண்டும். சோற்றுப் பானை குசினியை விட்டு வெளியே வரக்கூடாது. பசித்தால் நடுவில் இருக்கும் கீரையை எடுக்கலாம். தள்ளுவதற்கு அனுமதி இல்லை. மிஞ்சினால் மிஞ்சியபடியே இருக்கட்டும்.

“பட்டினியும் இல்லை” என்று ரிஸ்வானாவைப் பார்த்துச் சொன்னார் அம்மா. “உமக்கு வச்ச பங்கை முழுக்கச் சாப்பிட வேணும். மெல்ல இறங்கினாப் போதும். மெல்ல இறங்கிறதுதான் நிக்கும்.”

மெல்லத்தான் இறங்கியது. ஒரு மாதம் ஒன்றும் இறங்கவில்லை; அந்த மாதம் உறவில் ஒரு கலியாணம். நோன்பு மாதத்தை நினைத்து நான் பயந்தேன். நோன்பு திறக்கும்போது கஞ்சியும் பொரித்த பண்டங்களும் பக்கத்து வீடுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். உம்மா கஞ்சிக்கு ஒரு கிண்ணத்தை ஒதுக்கி, பொரித்தவற்றை வந்த கையோடு பிள்ளைகளுக்கும் அயலுக்கும் அனுப்பிவிட்டார். “மிஸ், இப்ப எண்ட கைக்கே அளவு தெரியிது” என்று கிளினிக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மாலையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ரிஸ்வானா மகள்மாரோடு நடக்கத் தொடங்கினார். இர்பானோ தன் பங்கு மீனைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அவனுடைய இரத்தச் சோதனைகளும் முன்னைவிடத் தேறின.

டொக்டர் சம்மதம் சொன்ன நாளில் ரிஸ்வானா தராசிலிருந்து இறங்கவே இல்லை. முள்ளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கமலாம்பிகை அம்மா வழக்கம்போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்ததை நான் கண்டேன்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ரிஸ்வானா ஒரு வாரத்துக்குள் எழும்பி நடந்தார். இர்பானுக்கு நாட்கள் கூடுதலாக எடுத்தன. புதுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, தொற்றுக்களை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். அதனால் பல மாதங்களுக்கு அவன் சஹனில் கைவைக்கக் கூடாது, சுடச்சுடச் சமைத்ததைத் தனிப் பீங்கானில்தான் சாப்பிட வேண்டும் என்று நானே போய்ச் சொன்னேன். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான். “தாத்தாவுக்கு ஒதுக்கின பீங்கான் ஈக்குதானே மிஸ், அதக் குடுங்க” என்றான்.

சில மாதங்கள் கழித்து உம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பாயில் சஹனைச் சுற்றி நாங்கள். ரிஸ்வானாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச, பீங்கானை மடியருகே வைத்துக்கொண்டு இர்பான். அவன் முகத்தில் இரத்தக் களை வந்திருந்தது. உம்மா அளந்து வைத்த சோற்றையும் மீனையும் சாப்பிட்டான். கடைசியாக விரல்களால் பீங்கானை வழித்தான். பிறகு உம்மாவிடம் பீங்கானை நீட்டினான்.

“உம்மா, இன்னம் பசிக்கிது.”

உம்மா கையில் அகப்பையோடு என்னைப் பார்த்தார். அந்த மருந்துகளுக்குப் பசி கூடும், நிறையும் கூடும், அதையும் அளக்க வேண்டிய நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அது வரட்டும் என்று நினைத்தேன்.

“போடுங்க உம்மா” என்றேன்.

அவன் அதையும் சாப்பிட்டு முடித்தான். ஒரு பருக்கையைக்கூட யார் பக்கமும் தள்ளவில்லை.